ஒரு டம்ளர் தண்ணீர்

உயர்தரம் முடிக்கும் தங்கைமாரில் சிலர் மருத்துவமாதுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போவதாக அறிந்தேன். அவர்களுக்காக என் முதல் மாதத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் பயிற்சி 18 மாதம். ஒரு வருடம் ஆஸ்பத்திரி விடுதிகளிலும் பிரசவ அறையிலும். மிகுதி ஆறு மாதம் கிராமத்தில். எப்போதும் பக்கத்தில் ஒரு சிஸ்டர் நிற்பார். பிழைவிட்டால் ஏசுவார். அந்த ஏச்சும் ஒரு பாதுகாப்பு என்பது, கரவெட்டியில் நியமனம் பெற்று, வெப்பமானியும் தராசும் பதிவேடுகளும் கொண்ட பையோடு தனியே இறங்கிய அன்றுதான் விளங்கியது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலம்முதல் இந்நாட்டில் மருத்துவமாது வீடுதேடிப் போகிறாள். ஆஸ்பத்திரியில் தாய் எங்களிடம் வருகிறாள். கிராமத்தில் நாங்கள் அவள் வீட்டுக்குப் போகிறோம். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

பிள்ளை பிறந்து ஐந்து நாளுக்குள் முதல் தடவை தாயைப் பார்க்க வேண்டும். அன்று நான் போன வீட்டில் நாலாம் நாள். முற்றத்தில் காயச்சரக்கு மணம். தாய்க்கு என் வயதுதான் இருக்கும். மாமியார் கட்டிலடியில் நின்றார். பாடமாக்கிய ஒழுங்கில் கேட்டேன்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லை மிஸ்."

"நோ ஏதும்?"

"ஒண்டுமில்லை மிஸ்."

எழுதினேன். பிள்ளையை நிறுத்தேன். வெளிக்கிட்டேன்.

படலையடியில் அந்த வீட்டு அப்பாச்சி என் கையைப் பிடித்தார். "பிள்ளை, அவள் ராத்திரி முழுக்க நடுங்கினவள். மாமிக்கு முன்னால சொல்ல வெக்கப்படுறாள்."

திரும்பி ஓடினேன். வெப்பமானி 102 பாகை காட்டியது. அடிவயிற்றில் கைவைத்ததும் முகம் சுளித்தாள். பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமி தொற்றினால் இப்படித்தான் தொடங்கும்; தாமதித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் அவளைத் தொட்டுப் பார்க்காமல் பதிவேட்டில் "இல்லை" என்று எழுதியதும் நானேதான்.

கை நடுங்க மேற்பார்வை சிஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கைவைச்சுப் பார்த்தது நீர். என்ன செய்யப் போறீர் எண்டு நீரே சொல்லும்."

"இப்பவே மந்திகைக்கு அனுப்பப் போறன் சிஸ்டர்."

"பிறகென்ன, அனுப்பும்."

ஓட்டோ வரும்வரை அந்தத் தாயின் பக்கத்தில் இருந்தேன். பயிற்சி முடிந்து மாதக்கணக்கானாலும், நான் மருத்துவமாதுவானது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவள் சுகமாகி வீடு திரும்பினாள். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தாயின் கையைப் பிடித்துப் பார்க்கிறேன். பேனை அதற்குப் பிறகுதான். மாமியாரிடம் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீரும் கேட்கிறேன். அவர் குசினிக்குப் போய்வரும் அந்தச் சிறிது நேரத்தில்தான் மருமகள் வாய் திறக்கிறாள்.