தக்ராரும் ஒளிப்படமும்

மதரஸாவில் ஓதியவர்களுக்குத் 'தக்ரார்' என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஏனைய வாசக அன்பர்கட்காகச் சில வரிகள். காலையில் உஸ்தாத் கிதாபை நடத்தி முடிப்பார். இஷாத் தொழுகைக்குப் பின்னர் மாணவர் ஐவர் அறுவராக வட்டமிட்டு அமர்வர். அவருள் ஒருவர் உஸ்தாதின் இடத்தில் இருந்து அன்றைய பாடத்தை மீண்டும் சொல்லுவார். மற்றவர்கள் விடமாட்டார்கள். "இந்த ளமீர் எதைச் சுட்டுகிறது? காலையில் உஸ்தாத் அப்படிச் சொல்லவில்லையே" என்று இடைமறிப்பார்கள். சொல்பவருக்கு வியர்க்கும். ஆயினும் நாம் கற்றவற்றுள் இன்றளவும் நெஞ்சில் நிலைத்தவை பெரும்பாலும் அந்த இரவு வட்டங்களில் வியர்த்துக் கற்றவையே.

இது மதரஸாவுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசான் உரைத்ததை முழுவதும் வாங்கிக்கொண்டாலும் கிட்டுவது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை. பாதிக் கல்வி, சொல்லுகின்றவனுக்குச் சொல்லுவதனாலேயே வருகிறது என்பது எத்துணைக் கூர்மையான கணக்கு!

இவ்விரண்டையும் ஈண்டு நினைப்பதற்குக் காரணம் ஒளிப்படம். வியப்படைய வேண்டா. நம்மவரிடையே படம் பற்றிய மார்க்க விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்-முதீஈ, கேமராவால் எடுக்கும் படம் நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் படைப்பதாகாது என்று தனி நூலே எழுதினார். மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உளர். அவ்விவாதத்தை ஈண்டு விரிக்கப் போவதில்லை. ஆனால் இருண்ட அறையின் சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரில் உருவம் விழுவதைச் சோதித்து ஆராய்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' எழுதியதோடு நின்றவர் அல்லர். பேரறிஞர் தாலமியின் நூல்களில் தமக்கு எழுந்த ஐயங்களை வரிசைப்படுத்தி 'அல்-ஷுகூக்' என்று மற்றொரு நூலும் செய்தவர். ஒளியின் இயல்பைத் தேடிய கண்ணே குற்றத்தையும் தேடிற்று.

கேமரா தோன்றிய காலந்தொட்டே அதனை விரும்பியோர் தனித்திருக்கவில்லை. இலண்டனில் 1853இல் ஒளிப்படச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு பம்பாயில். சென்னையிலும் அதே பத்தாண்டுக்குள் ஒரு சங்கம் எழுந்தது. ஓவியப் பள்ளி நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் அதன் பின்னணியில் இருந்தார். பிற்பாடு இங்கிலாந்தில் ஓர் இனிய ஏற்பாடு உண்டாயிற்று. உறுப்பினர் தத்தம் படங்களை ஒரு பெட்டியில் இட்டு, ஒரு குறிப்பேட்டையும் உடன் வைத்துத் தபாலில் அனுப்புவர். பெட்டி வீடுவீடாகச் சுற்றிவரும். ஒவ்வொருவரும் பிறர் படத்தைக் குறித்து ஏட்டில் எழுதி அடுத்தவர்க்கு அனுப்புவர். தமிழில் 2007ஆம் ஆண்டு முதல் 'தமிழில் புகைப்படக்கலை' என்ற பெயரால் இணையத்தில் கூடிய அன்பர்கள், மாதந்தோறும் ஒரு பொருள் கொடுத்துப் படங்களை வரவேற்று, குறைநிறைகளைக் கூறி, நல்லவற்றைத் தேர்ந்தனர். ஊதியம் கருதாத உழைப்பு அது.

நம் அனுமந்தையின் கதை இவற்றினும் மிகச் சிறியது. 2021ஆம் ஆண்டில், நம்மிடம் படித்த இளைஞர் சிலர் செல்பேசியில் ஒரு பெரிய படக் குழுவில் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர். எந்தப் படம் வந்தாலும் "அருமை", "சூப்பர்", நான்கு கட்டைவிரல்கள். அவருள் ஒருவன், கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை, ஒருநாள் நம்மிடம் வந்து, "அசரத், கேமராவை வித்துடலாம்னு இருக்கேன். ஒரு வருஷமா எல்லாரும் நல்லா இருக்குன்னே சொல்றாங்க. ஆனா படம் அப்படியேதான் இருக்கு" என்றான். புகழ்ச்சியால் பட்டினி கிடந்த ஒருவனை அன்றுதான் கண்டோம்.

தக்ராரைத் தவிர வேறு மருந்து நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அறுவரைச் சேர்த்தோம்: அந்தக் கடற்பிள்ளை, உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன், திண்டிவனத்து ஆசிரியை ஒருவர், புதுவையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர், பழங்கேமரா ஒன்றோடு நாம். வாரம் ஒரு படம், முறைவைத்து ஒருவருடையது. எடுத்தவர் மற்ற ஐவரும் பேசி முடிக்கும்வரை வாய் திறத்தல் ஆகாது. பேசுவோர் முதலில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். பிடித்ததும் பிடிக்காததும் பின்னர். "அருமை" என்ற சொல்லுக்குத் தடை. ஏன் அறுவர்? பத்தைத் தாண்டினால் இருவர் பேசுவர், எண்மர் வேடிக்கை பார்ப்பர். மூவரானால் ஒருவர் ஊருக்குப் போனதும் வட்டம் உடையும். பிறகு வேறு சிலர் கேட்டபோது, நம் வட்டத்தைப் பெருக்காமல் தனித்தனியே இரண்டு வட்டங்கள் அமைத்துக் கொடுத்தோம்.

முதற்பாடத்தை உப்பே கற்பித்தது. அனைவரும் மரக்காணம் உப்பளத்தைப் படம் பிடித்திருந்தனர். அனைவருடைய உப்பும் சாம்பல் நிறம். "இது உப்பா, அடுப்புச் சாம்பலா?" என்று ஆசிரியை கேட்டார். கேமராவின் ஒளிமானி எதனையும் நடுச்சாம்பல் என்றே கணக்கிடுகிறது. வெண்மை மிகுந்தால் ஒளியைக் குறைத்துவிடும். ஆதலின் உப்பை எடுக்கும்போது அது சொல்லுவதினும் ஒன்று, ஒன்றரைப் படி ஒளியை நாமே கூட்ட வேண்டும். இது புத்தகத்திலும் உண்டு. ஆயினும் அந்த ஒரு கேள்விக்குப் பின்னர்தான் நம் அனைவரின் உப்பும் வெளுத்தது.

கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னர்ப் பறவைப் படங்கள் பெருகின. செல்பேசியில் அனுப்பும் படம் சுருங்கித் தெளிவிழக்கும் என்பதால் கோப்பாக அனுப்புங்கள் என்று விதித்திருந்தோம். கோப்பாகப் போகும் படத்தோடு, எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்து செல்லக்கூடும் என்று ஷார்ஜா மாணவர் எச்சரித்தார். கூட்டின் இருப்பிடம் கைமாறினால் கூட்டம் கூடும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிடும். அன்றிலிருந்து கூட்டுப் படங்கள் நம் வட்டத்தில் இல்லை. பறவைப் படப் போட்டிகள் பலவும் அவற்றை ஏற்பதில்லை.

மெய்யான சோதனை அதன் பின்னர் வந்தது. கடற்பிள்ளை ஒரு படம் இட்டான். செவ்வானம், தேங்கிய நீரில் அதன் நிழல், நடுவே, பலகை பூட்டிய நீண்ட கழியோடு ஒரு பெண். அழகுதான். போட்டிக்கு அனுப்ப மூன்று நாள் இருந்தது. மருந்துக்கடைக்காரர் கோட்டமைதியைச் சொன்னார். ஆசிரியை நிறத்தைச் சொன்னார். நாமும் நிழலின் ஒழுங்கைச் சொன்னோம். உப்பளத்துப் பிள்ளை மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எழுதினான்: "எங்க அம்மா விடியுமுன்னே போய் வெயில் ஏறுமுன்னே திரும்பும். இது சாயங்காலம். இவங்களை நிக்க வெச்சு எடுத்திருக்கான்."

வட்டம் அடங்கிவிட்டது. எடுத்தவன் முறை வந்ததும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான். வீடு திரும்பிய பெண்ணை அழைத்து நிற்கவைத்து எடுத்ததாகச் சொன்னான். போட்டிக்கு அனுப்பவில்லை. மறுநாள் செல்பேசியோடு அவ்வம்மையாரையே தேடிச் சென்று படத்தைக் காட்டினானாம். அவர் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, பொழுது சாயுற நேரத்துல எவ உப்பு வாருவா? கட்டையைக் கூட தலைகீழா புடிச்சிருக்கேன் பாரு. நீ நிக்கச் சொன்ன, நின்னேன்" என்று சிரித்தாராம். நம் ஐவர் கண்ணுக்கும் தப்பியது அந்தத் தலைகீழ்க் கட்டை.

அடுத்த வாரம், அவர் இசைவோடு, விடியற்காலை நான்கரை மணிக்கு அவனும் பாத்திக்குப் போனான். கிடைத்த படத்தில் வானமே இல்லை. ஒளி போதாமல் கைகள் கலங்கியிருக்கின்றன. முகம் திரும்பியிருக்கிறது. காலடியில் நேற்று வாரிய உப்பு மட்டும் துலக்கமாக இருக்கிறது. ஆசிரியைக்கு அந்தக் கலக்கம் பிடிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் இடப்புறத்தை வெட்டச் சொல்கிறார். அங்கே நிற்கும் தண்ணீர்க் குடத்தை வெட்டக் கூடாது என்கிறது ஷார்ஜா. அம்மையார் ஒரு பிரதி கேட்டிருக்கிறார், சுவரில் மாட்ட. வெட்டிக் கொடுப்பதா, வெட்டாமல் கொடுப்பதா என்பது முடிவாகவில்லை. உப்பளத்துப் பிள்ளை இன்னும் பேசவில்லை.