நேரம் 5.42

திங்கள், நைட் டியூட்டி

லேபர் ரூமில் ஒரு டேபிளும் காலியில்லை. அந்த நேரம் பார்த்து 108-இல் ஒருத்தி வந்து இறங்கினாள். தலைச்சன். பி.பி. 160/110, முகமெல்லாம் வீக்கம், "கண்ணு மங்கலாத் தெரியுதுக்கா" என்கிறாள். வலிப்பு வருமுன் நாம் முந்திக்கொள்ள வேண்டும். மெக்னீசியம் சல்பேட் நரம்பில் 4 கிராம், மெதுவாக. பிறகு இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாக. இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கியவள், அந்த ஊசியின் எரிச்சலுக்கு என்னை வாய் ஓயாமல் திட்டினாள். திட்டட்டும், நினைவு தெளிவாக இருக்கிறதே. நாலு மணி நேரத்துக்கு ஒரு டோஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் முழங்காலைத் தட்டி, மூச்சை எண்ணி, யூரின் பையைப் பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவிடுவோம். விடியும்வரை வலிப்பு வரவில்லை.

வியாழன், விடிகாலை

இரண்டாவது பிரசவம், சிரமமில்லாமல் முடிந்தது. குழந்தை வீறிட்டதும் அறையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கதவுக்கு வெளியே மாமியார்: "சிஸ்டர், நேரத்தைச் சரியாக் குறிச்சீங்களா?" ஜாதகத்துக்கு. தலை வந்த நேரமா, உடம்பு முழுக்க வந்த நேரமா என்றுகூட விவரமாகக் கேட்பார்கள். முழு உடம்பும் வெளியே வந்த நேரத்தைத்தான் எழுதுகிறோம். 5.42.

ஜாதகம் கணிப்பவரைவிட அந்த நேரம் எனக்குத்தான் அவசரம். ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போயாக வேண்டும். கொடியைக் கிளிப் போட குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். நஞ்சு விழுந்ததும் அதை விரித்து, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் இரண்டு மணி நேரம், கால் மணிக்கொரு தரம் அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பது. கர்ப்பப்பை உரித்த தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தால் நிம்மதி.

இவளுக்கு 6.15-க்குக் கை வைத்தபோது தொளதொளவென்று இருந்தது. "ஒரு மாதிரி வருது சிஸ்டர்" என்றாள், உதடு வெளுத்திருந்தது. ஒரு கையால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே பி.ஜி. டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். ஆக்ஸிடோசின் டிரிப், டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம். கதீட்டர் போட்டதும் யூரின் மளமளவென்று இறங்கியது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க ஓடிய கைகளுக்கு முதலில் மறப்பதும் இதுதான். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே அது இறுகியது. மாமியார் மறுபடியும் கதவைத் தட்டினார். 41-ஆ, 42-ஆ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

சனி

ரத்தம் எவ்வளவு போனது என்று கண்ணால் பார்த்து எழுதுகிறோமே, அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. துணி குடித்தது பாதி, பக்கெட்டில் தண்ணீரோடு கலந்தது பாதி. 500 மில்லியைத் தாண்டினால் ஆபத்து என்று பாடத்தில் படித்தோம். தாண்டியதை யார் அளந்தார்கள்? பெரும்பாலும் குறைத்துத்தான் எழுதுகிறோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கோட்டைத் தொட்டதும் மசாஜ், மருந்து, டிரிப், பரிசோதனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில். மோசமான ரத்தப்போக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாம். விரிப்பு மட்டும் இதைச் செய்யவில்லை, காத்திருக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததுதான் விஷயம். ஆனால் விரிப்பு இல்லாமல் எப்போது ஆரம்பிப்பது என்று எப்படித் தெரியும்?

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "இன்டென்ட்ல எழுது, பாப்போம்" என்றார். எழுதியிருக்கிறேன். அது வரும்வரை கிட்னி டிரேயும் அளவு ஜாடியும்தான். நனைந்த பேடுகளை எடை போட, குழந்தைகளுக்கு வைத்திருக்கும் தராசையே இரவல் வாங்கியிருக்கிறேன்.