வோட்காவில் கரைந்த கொட்டகை

காலை ஆறே முக்கால். இருட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. காரை விட்டு இறங்கியதும் மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்டோபர் முதல் வாரம்தான். புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி. கும்பகோணத்து மார்கழிக்கே மப்ளர் தேடுகிற ஆள், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சுமார் 6,500 அடி உயரத்தில், வாட்டர்கலர் பெட்டியோடு நிற்கிறேன். வரைய வந்தது ஒரு பழைய மரக் கொட்டகையை. "கொட்டகையா? நம்ம கொல்லையிலேயே இருக்கேடா!" என்றாள் அம்மா.

இது கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மார்மன் ரோ. 1890களில் ஐடஹோ பக்கமிருந்து வந்த மார்மன் சமயத்துக் குடும்பங்கள் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்த இடம். டி.ஏ. மோல்ட்டன் என்பவரும் பிள்ளைகளும் இந்தக் கொட்டகையைக் கட்டி முடிக்க முப்பது வருஷம் பிடித்ததாம். நம்மூரில் கோபுரத்துக்குத்தான் அவ்வளவு பொறுமை! சுற்றிலும் சேஜ் புதர். ஒரு இலையைக் கசக்கினேன். ஓமமும் கற்பூரமும் சேர்ந்த வாசனை.

திடீரென்று 13,775 அடி கிராண்ட் டீட்டன் சிகரத்தின் நுனியில் மட்டும் ரோஸ் வெளிச்சம். அது மெல்ல மெல்லச் சரிவில் இறங்கியது. கூடியிருந்த புகைப்படக்காரர்களில் ஒருவரும் பேசவில்லை, கேமராக்கள்தான் படபடத்தன. சூடம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதே பரவசம்.

அவசரமாக வானத்துக்கு நீல வாஷ் போட்டேன். மகாமகக் குளக்கரையில் வரையும்போது, பிரஷ் தண்ணீருக்குப் போய்த் திரும்புவதற்குள் வண்ணம் காய்ந்துவிடும். இங்கே காயவே இல்லை. குனிந்து பார்த்தால், ஐயோ, வானத்தில் இறகு முளைக்கிறது! பனிப் படிகங்கள்! பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த பாட்டியம்மா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். வோட்கா.

"காலையிலேயேவா? வேண்டாங்க."

"உங்களுக்கில்லை, தண்ணீரில் கலக்க. சீக்கிரம் உறையாது."

விழுந்து விழுந்து சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்துவிட்டுக் கலந்துகொண்டேன்.

பிறகு மரம். காலண்டரில் பார்த்த சிவப்புக் கொட்டகையை நினைத்துத்தான் வந்தேன். இந்தப் பலகைகளோ பெயின்ட்டே காணாதவை. வெயில் விழுந்த பக்கம் மஞ்சள் கிழங்கை உரசிய நிறம், நிழலில் கத்தரிப்பூ. ஆணி துருப்பிடித்து வழிந்த கோடு ஒவ்வொன்றும் பர்ன்ட் சியன்னா. அதோடு அல்ட்ராமரின் நீலத்தைச் சேர்த்தால், அப்படியே பழைய மரத்தின் சாம்பல்! பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, சொரசொரப்பான தாளில் சாய்த்து இழுத்தேன். வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களை வெள்ளையாக விட்டது. ரேகை ரேகையாகப் பலகை எழுந்து நின்றபோது குளிரே மறந்துபோயிற்று.

வெயில் ஏறியதும் பனி உருகியது; வானத்தில் இறகுத் தடம் மட்டும் தங்கிவிட்டது. "இந்த உத்தியை எங்கே கற்றீர்கள்?" என்று பாட்டியம்மா கேட்டார். கும்பகோணத்தில் என்று சொல்லிவைத்தேன்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மா உடனே கேட்டாள்: "மாடு எங்கடா?"

நிமிர்ந்து பார்த்தால், லாரி அளவில் ஒரு காட்டெருமை வேலியில் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கிறது. 25 கஜம் தள்ளி நில் என்பது பூங்கா விதி. நான் நூறு கஜம் தள்ளி, காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.