ராயக்கோட்டை வழியாக ரெண்டு நாள்

ஆபீஸ்ல யாராவது புதுசா சேர்ந்தா கேக்குற முதல் கேள்வி, "எங்க இருக்கீங்க?" ஓசூர்னு சொன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "ஓ, அங்க வாடகை கம்மி இல்ல?" மூணாவது கேள்வி, "அங்க பாக்க என்ன பாஸ் இருக்கு?" நானும் நாலஞ்சு வருஷமா மலை மேல சந்திரசூடேஸ்வரர் கோயில், அப்புறம்... அப்புறம்... னு இழுத்துட்டுத்தான் இருந்தேன். சென்னைக்குப் போறவனுக்கும் சேலத்துக்குப் போறவனுக்கும் பெங்களூருல இருந்து கிளம்பினா முதல்ல வர்ற டீக்கடை நம்ம ஊர். கிருஷ்ணகிரி ரெண்டாவது டீக்கடை. அவ்ளோதான் மரியாதை.

இந்த ஜனவரியில பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேர்த்து எடுத்தேன். ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த நேரம். ஊட்டியா கூர்க்கான்னு கூகுள் மேப்பை உருட்டிட்டு இருந்தப்ப அப்பா வந்து பக்கத்துல உக்காந்தார். "ராயக்கோட்டை போலாமாடா?" ன்னார். வீட்டுலேர்ந்து முப்பது கிலோமீட்டர்! டூர்னு சொல்லிக்கிட்டு அங்கயா போறதுன்னு அம்மாவே சிரிச்சுட்டாங்க.

ஆனா அப்பா கேட்டதுக்கு ஒரு காரணம் இருந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் பாலக்கோடு. அப்பா ஐடிஐ முடிச்சுட்டு ஓசூர்ல ஒரு கம்பெனியில டர்னரா சேர்ந்தார். நாங்க ஓசூருக்குக் குடி வர்ற வரைக்கும் பன்னெண்டு வருஷம் தினமும் கம்பெனி பஸ்தான். பாலக்கோடு, ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி, ஓசூர். அந்த பஸ் ராயக்கோட்டை மலையை ஒட்டித்தான் போகும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா போகும்போது இருட்டு, வரும்போது தூக்கம். நைட் ஷிஃப்ட்னா நேர் எதிர். செகண்ட் ஷிஃப்டுக்கு மத்தியானம் போறப்ப மட்டும்தான் மலை முழுசா கண்ணுக்குத் தெரியுமாம். "ஒரு நாள் எறங்கி ஏறிப் பாக்கணும்னு நெனப்பேன். எறங்குனா அரை நாள் சம்பளம் போய்டும்" ன்னார். ரிட்டையர் ஆனதும் ஏறலாம்னு தள்ளி வெச்சிருக்கார். போன வருஷம் ரிட்டையர் ஆனார். அதுக்குள்ள ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. லேத்து முன்னாடி முப்பது வருஷம் நின்ன முட்டி. பிப்ரவரியில ஆபரேஷன்னு டாக்டர் நாளே குறிச்சுட்டார்.

அதனால ஊட்டி கேன்சல். நம்ம செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்ல அப்பா முன்னாடி, அம்மா பின்னாடி புளிசாதக் கூடையோட. ஓசூர், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, திரும்ப ஓசூர். ஒரு முக்கோணம். எல்லாச் சுத்தலும் சேர்த்து 150 கிலோமீட்டர் இருக்கும்.

முதல் ஸ்டாப் தொரப்பள்ளி. நெடுஞ்சாலையை விட்டு உள்ள போகணும். ராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் தேதி பிறந்த வீடு, இப்போ அரசு நினைவு இல்லம். ஓட்டு வீடு, சின்னது. இங்கேருந்து ஓசூர் ஸ்கூலுக்குப் போய், அப்புறம் பெங்களூரு சென்ட்ரல் காலேஜ்ல படிச்சு, கடைசியில இந்தியாவோட கவர்னர் ஜெனரல் வரைக்கும் போனவர். ஓசூர் - பெங்களூரு ரூட்ல நமக்கெல்லாம் சீனியர் :) உள்ள எங்களைத் தவிர யாரும் இல்ல.

அடுத்தது சூளகிரி தாண்டி சாமல்பள்ளம் பக்கத்துல உள்ள திரும்பினா மல்லச்சந்திரம். அங்க ஒரு மலை மேல கற்திட்டைகள் இருக்கு. நாலு பக்கமும் பலகைக் கல்லை நட்டு, மேல ஒரு பெரிய மூடுகல் வெச்ச பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். பலகையில வட்டமா ஒரு துளை, ஒரு ஆள் உள்ள நுழையற சைஸுக்கு. ஜனங்க இந்த மாதிரி கட்டடத்தை பாண்டவர் வீடுன்னு சொல்றாங்க. அப்பா ஏறல. "முட்டியை ராயக்கோட்டைக்குன்னு சேத்து வெச்சிருக்கேன், இங்க செலவு பண்ண முடியாது" ன்னு புளிய மரத்தடியில உக்காந்துட்டார். நான் மட்டும் போய்ட்டு வந்தேன். அந்த மூடுகல்லை எப்படித் தூக்கி வெச்சாங்கன்னு இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. இந்த மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும் கிரானைட் குவாரிகள் கண்ணுல படும். அன்னைக்கு மலையிலேர்ந்து கல்லை வெட்டி வீடு மாதிரி கல்லறை கட்டினாங்க. இன்னைக்கு மலையையே வெட்டி லாரியில ஏத்தறாங்க. பாக்கணும்னா சீக்கிரம் பாத்துடுங்க மக்களே.

கிருஷ்ணகிரிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ரோடு சரசரன்னு இறங்கும். ஓசூர் கடல் மட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். கிருஷ்ணகிரி 500 மீட்டர் சொச்சம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, அப்புறம் தேவைப்படும். ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, ஜனவரிங்கறதால பூத்திருந்தது. கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டினோம்.

சாயந்திரம் அரசு அருங்காட்சியகம். இங்க நடுகற்கள்தான் ஸ்பெஷல். மாடு பிடிக்க வந்தவனோட சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரே சேர்ந்து நட்ட கல். இந்தப் பக்கம் ஆட்சிகள் மாறி மாறி வந்ததால கல்லு கல்லா கதை. நான் அப்பாகிட்ட மயிலாடும்பாறை மேட்டரைச் சொன்னேன். பர்கூர் பக்கத்துல இருக்கு. அங்க அகழாய்வுல கிடைச்ச இரும்போட காலம் கி.மு. 2172ன்னு 2022 மே மாசம் சட்டசபையில அறிவிச்சாங்க. அப்போ தமிழ்நாட்டுல அதுதான் ரொம்பப் பழசு. 2025 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை கி.மு. 3345ன்னு அதை முந்திடுச்சு. அப்பா கொஞ்சம் யோசிச்சுட்டு, "நாலாயிரம் வருஷமா? அப்ப நம்ம லைன்லதான் இருந்திருக்காங்க" ன்னார். நமக்கு மூணு வருஷம் முன்னாடி எழுதின கோடே இன்னிக்கு ஓட மாட்டேங்குது. அவ்வ்வ்.

ராத்திரி கிருஷ்ணகிரியிலயே லாட்ஜ். காலையில எந்திரிச்சா ஜன்னல் முழுக்க கோட்டை மலை. சையத் பாஷா மலைன்னும் சொல்றாங்க. இந்தப் பகுதிக்கு பாராமகால்னு ஒரு பேர் உண்டு. பாரான்னா பன்னெண்டு, பன்னெண்டு கோட்டை இருந்ததால அந்தப் பேர்னு சொல்றாங்க. ஏன் இத்தனை கோட்டை? இங்கதான் அந்த 900, 500 கணக்கு வருது. கிழக்க சமவெளி, மேற்க மைசூர் பீடபூமி. மேல ஏற நாலஞ்சு கணவாய்தான். கணவாயைப் புடிச்சவன் கையில வழி.

1791 மார்ச்ல கார்ன்வாலிஸ் பெங்களூரைப் புடிச்சுட்டார். மே மாசம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போனார். ஆனா சோறு இல்ல, வண்டி மாடெல்லாம் செத்துப் போச்சு. திப்புவைத் தொட முடியாமத் திரும்பினார். அப்பதான் புரிஞ்சிருக்கு, சண்டைக்குப் பீரங்கி மட்டும் பத்தாது, சப்ளை லைன் வேணும்னு. கீழேருந்து அரிசியும் மாடும் மேல வரணும்னா பாலக்கோட்டுக் கணவாய் வேணும். அதுக்குக் காவல் ராயக்கோட்டை. அந்த ஜூலையில முதல்ல ஓசூர் விழுந்தது. 20ஆம் தேதி மேஜர் கௌடின்னு ஒருத்தர் ராயக்கோட்டைக் கீழ்க்கோட்டையைப் புடிச்சார். ரெண்டு நாள்ல மேல் கோட்டையும் சரண்டர். நவம்பர்ல மேக்ஸ்வெல் படை கிருஷ்ணகிரியில மோதிப் பாத்தது. பேட்டையைத்தான் புடிக்க முடிஞ்சது, மலைக்கோட்டை அசையல. சண்டையில விழாத கோட்டை அடுத்த வருஷம் 1792 உடன்படிக்கையில பேப்பர்ல கைமாறிடுச்சு.

இதெல்லாம் நான் முந்தின வாரம் படிச்சு வெச்சது. வண்டி ஓட்டிட்டே சொல்லிட்டு வந்தேன். அப்பா நடுவுல, "ஏய் இரு இரு, பாலக்கோட்டுலேர்ந்து ராயக்கோட்டை வழியா ஓசூரா?" ன்னார். ஆமாப்பா. "அது எங்க பஸ் ரூட்டுடா!"

அதேதான். 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டி, 1941ல உலகப் போர் சமயத்துல பிடுங்கின மொரப்பூர் குட்டி ரயிலும் இந்தப் பக்கமாத்தான் ஏறிச்சு. 1970கள்ல சிப்காட் வந்து, 1980ல லாரி, மொபெட், அப்புறம் வாட்ச்னு ஓசூர்ல ஃபேக்டரியா முளைச்சதுக்கும் கிட்டத்தட்ட அதே காரணம்தான். எல்லை, பக்கத்துல பெங்களூரு, கீழேருந்து ஏறி வர்ற ரோடு. அன்னைக்கு அந்த வழியா அரிசி மூட்டையும் மாடும் ஏறிச்சு. அப்புறம் தர்மபுரி பக்கத்து ஐடிஐ பசங்க ஏறினாங்க. அதுல ஒருத்தர் எங்கப்பா. நம்ம ஊரை எல்லாரும் கடந்து போற ஊருன்னு நக்கல் பண்ணா இனிமே கோவப்பட மாட்டேன். இந்த ஊரோட வேலையே அதுதான், எரநூறு வருஷத்துக்கு மேலா.

ராயக்கோட்டை சந்தையில தக்காளிக் கூடை கூடையா லாரியில ஏறிட்டு இருந்தது. கடையில தெலுங்குல விலை கேக்கறாங்க, தமிழ்ல பேரம், கன்னடத்துல திட்டு. மலை அடிவாரத்துல தொல்லியல் துறை போர்டு. எட்டு மணிக்கே ஏற ஆரம்பிச்சோம். அம்மா கீழயே நின்னுட்டாங்க.

முதல்ல படி, அப்புறம் பாறை. அப்பா பத்துப் படிக்கு ஒரு தடவை நின்னார். நான் கையைக் குடுத்தா வாங்கல. ஒரு வாசல் வரைக்கும் வந்தோம். பாதி தூரம் இருக்கலாம். அங்க சுவர்ல கை வெச்சு, கல்லோட இணைப்பைத் தடவிப் பாத்தார். "சுண்ணாம்பு கம்மியா இருக்கு பாரு, கல்லையே ஃபிட் பண்ணியிருக்கான்" ன்னார். அப்புறம் மெதுவா உக்காந்தார். முட்டியைப் புடிச்சுக்கிட்டார். "நீ போய்ட்டு வா" ன்னார். இறங்கிடலாம்ப்பான்னேன். "நான் வந்ததுக்கு ஒருத்தனாவது மேல போவணும்ல?"

தனியா ஏறினேன். மேல இடிஞ்ச மதில், செங்கல் கட்டடங்களோட மிச்சம், பாறைக் குழியில தண்ணி. நல்ல காத்து. நல்லவேளையா சிக்னல் இருந்தது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சுத்திக் காட்டினேன். மதில், குளம், தூரத்து மலை எதையும் அவர் கேக்கல. "பஸ் ரோடு தெரியுதா?" ன்னார். கேமராவைக் கீழ திருப்பினேன். வயலுக்கு நடுவுல ஒரு கோடு, அதுல ஒரு மஞ்சள் பஸ் ஊர்ந்து போச்சு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் சொன்னார், "இவ்ளோ சின்ன ரோடாடா அது?"

திரும்பும்போது அதே ரோட்டுல வந்தோம். உத்தனப்பள்ளி தாண்டி சானமாவு காடு. யானை நடமாட்டம் உள்ள இடம். ஒரு நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்க, பஸ்ஸே ஒரு மணி நேரம் லைட்டை அணைச்சுட்டு நின்ன கதையை அப்பா சொன்னார். எங்களுக்கு யானை தெரியல. அப்பா ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிட்டு வந்தார். இங்க ஃபிட்டர் ரெண்டு பேர் ஏறுவாங்க. இங்க ஒருத்தன், எப்பவும் லேட், ஓடி வருவான். இந்தப் பாதையில நானும் நூறு தடவை போயிருப்பேன், பஸ்ஸுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு. முதல் தடவையா நாற்பதுல ஓட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப வாக்கர் இல்லாமலே வாசல் வரைக்கும் நடக்கறார். பிசியோதெரபி பண்ற தம்பிகிட்ட, பாலக்கோட்டுக் கணவாய்னு ஒண்ணு இருக்கு தெரியுமான்னு ஆரம்பிச்சுடறார். பாவம் அந்தப் பையன்.

டிஸ்கி: போறவங்களுக்கு நாலு வார்த்தை. காலையிலயே ஏறிடுங்க, மேல நிழல் கம்மி. தண்ணி நீங்கதான் கொண்டு போகணும். மல்லச்சந்திரத்துல கல்லு மேல ஏறி போஸ் குடுக்காதீங்க, ஆயிரக்கணக்கான வருஷம் நின்னது உங்க செல்ஃபிக்கு விழக் கூடாது. சானமாவுல இருட்டினதுக்கு அப்புறம் வண்டியை நிறுத்தி இறங்காதீங்க. இன்னொரு நாள் இருந்தா தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் போகலாம். அஞ்செட்டிப் பக்கம் 2014ல அறிவிச்ச காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயக் காடு இருக்கு, அதனால பகல்லயே கடந்துடுங்க. அந்த ரூட் நாங்க இன்னும் போகல. அப்பா ஏற்கெனவே மேப்பை எடுத்து வெச்சுட்டார் :)