பெட்டகத்தில் இருந்த கைத்துப்பாக்கி

வாப்பா வஃபாத்தான பின், பெட்டகத்தில் பச்சைத் துணி சுற்றியிருந்த கைத்துப்பாக்கி என் பங்கிற்கு வந்தது. சிக்கிமுக்கிக் கல் பொறியெழுப்பிச் சுடும் பழைய வகை. திப்பு சுல்தானின் படையில் நின்ற மூதாதையர் ஏந்தியது என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. மகளின் நிக்காஹ் நெருங்கவே, அதன் விலையை அறிய விழைந்தேன். முதல்நாள் இரவே உப்புத்தாளால் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அறியாமைக்குத்தான் எத்தனை சுறுசுறுப்பு!

பழம்பொருள் அறிந்த பெரியவர் அதைக் கண்டதும் பெருமூச்செறிந்தார். காலம் படியவைத்த கருமைக்கும் மழுங்காத முத்திரைகளுக்குமே விலையாம். தேறக்கூடியதில் பாதியை நானே தேய்த்துவிட்டேனாம். சுட இயலாதது என்று உறுதியாகாமல் விற்கலாகாது, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும் என்றும் எச்சரித்தார். பின்னர் உருப்பெருக்காடியை நீட்டினார்.

விசைத் தகட்டில், மகுடம் ஏந்தி நிற்கும் சிங்கம் மங்கலாய்த் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் தன் படைக்கலங்களில் பொறித்த முத்திரை அது. திப்பு சுல்தானோ 1799இலேயே ஷஹீதாகிவிட்டார். எனில் எங்கள் மூதாதையர் யாருடைய சிப்பாய்?

“திப்பு சுல்தான் காலத்ததுதானே?” என்று உம்மா வாசலிலேயே கேட்டார்கள்.

“விலை அதிகமில்லையாம், உம்மா” என்று மட்டும் சொல்லி, பச்சைத் துணியைத் தேடினேன்.