காமாலையும் கீழாநெல்லியும்



மூலக்குளத்தில் மழை விட்டு நாலு நாள் ஆனால் போதும், காலி மனைகளில் கீழாநெல்லி முளைத்துவிடும். கூடவே எனக்குப் போனும் வரும். "டீச்சர், வீட்ல ஒருத்தருக்குக் காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில் செடியைப் பாருங்கள். இலைகளுக்குக் கீழே வரிசையாகக் குட்டிக் காய்கள் தொங்கும், பெயரே அதனால்தான். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம். காய்ந்த சரக்காக வாங்கும்போது இந்த அடையாளம் எதுவும் தெரியாது.

செடியை வேரோடு அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பும் எண்ணெயும் நிறுத்துவது நம் வீட்டு வழக்கம். இதை விஞ்ஞானிகள் அலட்சியப்படுத்தவில்லை. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

"அப்புறம் எங்க பாட்டிக்குக் குணமாச்சே டீச்சர்?" ஆகியிருக்கும். கெட்ட தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும்.

சிக்கல் என்னவென்றால், காமாலை ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். எங்கள் அத்தானுக்குக் கண் மஞ்சளானபோது ஊரில் ஒருவர் மூன்று வாரம் பச்சிலை கொடுத்தார். மலம் வெளுத்தது, உடம்பெல்லாம் அரித்தது. "மருந்து வேலை செய்யுது" என்றார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு கட்டி. அக்கா இன்றும் அந்த மூன்று வாரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் பிள்ளைகளே, கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. என்ன காமாலை என்று தெரிந்த பிறகு, சித்த மருந்து வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள், விடாமல் வாந்தி எடுப்பவர்கள், பேச்சில் தடுமாற்றமோ மயக்கமோ உள்ளவர்கள், ரத்தம் கசிபவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஜிப்மர் பக்கத்தில்தானே இருக்கிறது! குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். குடிதண்ணீரைக் காய்ச்சுங்கள்.

செடிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே நம் ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை வைத்து உருவானதுதான். உங்கள் வீட்டுப் பக்கம் முளைத்திருக்கும் கீழாநெல்லியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, படம் எடுத்துக் கீழே போடுங்கள். அதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்