சேலத்தில் ஒரு லட்சாதிபதி!

"மாப்ள, உடனே கிளம்பி சேலம் வாடா. ஒரு கணக்குப் பார்க்கணும்" என்று போன் செய்தான் நண்பன். பி.காம். படித்தவனுக்கு இந்த உலகத்தில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் இப்படி!

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே ஜங்ஷனில் இறக்கிவிட்டது. ஐந்து ரோட்டில் 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கினால், அழகாபுரத்தில் நண்பன் வீடு. காபி குடித்து முடிப்பதற்குள் நோட்டை நீட்டினான்.

விஷயம் இதுதான். பயல் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியில் மாதம் லட்ச ரூபாய் சம்பளக்காரன். கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டான். இப்போது, 'அடுத்த மாதத்திலிருந்து ஆபீஸுக்கு வரவும்' என்று மெயில். போவதா, வேண்டாமா?

"முதல்ல வருமான வரி" என்றேன் ஆடிட்டர் தோரணையில். 2025-26 முதல் புதிய வரி முறையில், மாதச் சம்பளக்காரர்களுக்கு வருஷம் பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை வரி கிடையாது. ஆக, இவனுக்கு வரி பூஜ்யம். பி.எஃப். வகையறா போக கைக்கு 96 ஆயிரம்.

செலவு? வாடகை 13 ஆயிரம். மளிகை, பால், காய்கறி 15. கார் தவணை 14. பெட்ரோல், கரன்ட், போன் 8. இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் மாதக் கணக்கில் 15. அப்பா அம்மா மருந்து, இன்ஷூரன்ஸ் 8. கடைசியாக மொய், சீர் செனத்தி, 'தம்பி, அவசரம்... அடுத்த மாசம் தந்துடறேன்' வகையறா 8. ஆக மொத்தம் 81. மிச்சம் 15 ஆயிரம்!

"அட, பரவாயில்லையே" என்றேன்.

"சென்னையில இதே மாதிரி வீட்டுக்கு 28 ஆயிரம் கேக்கறான்டா."

வித்தியாசம் எவ்வளவு? சரியாக 15 ஆயிரம். மிச்சம் அப்படியே ஆவி!

இதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது, சார். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில், மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் சென்னையில் 30 சதவிகிதம், சேலத்தில் 20, நாமக்கல்லில் 10. ஆனால் கவனியுங்கள்... சலுகை வாடகைக்கு மட்டும்தான். கார் தவணைக்கும் தங்கத்துக்கும் செல்போனுக்கும் 'சேலம் ரேட்' என்று ஒன்று கிடையாது.

"அப்போ இங்கேயே வேலை தேடேன்?"

"தேடாமலா இருப்பேன்? முப்பதாயிரத்துக்கு மேல யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சேலத்து வாடகை, சேலத்துச் சம்பளத்தைப் பார்த்து வைத்த வாடகை. வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை வைக்கிறவரும், ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவரும் கொடுக்க முடிந்த தொகை அது. இவன் சென்னையில் சம்பாதித்துச் சேலத்தில் செலவழிப்பதால்தான் லட்சம் நீளுகிறது. சேலத்தில் சம்பாதித்துச் சேலத்தில் செலவழிக்கிறவனுக்கு இது ஒன்றும் மலிவான ஊர் இல்லை!

"எதுக்கும் நாமக்கல் போய் மச்சானை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றான். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம்... ஒரு மணி நேரப் பயணம். வழியெல்லாம் கோழிப் பண்ணை. நாட்டுக்கே தெரிந்த நாமக்கல் முட்டை விலை. அதில் நமக்கு உள்ளூர்த் தள்ளுபடி பெரிதாக ஒன்றும் கிடையாது. 1997-ல் சேலத்தைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் சம்மட்டிச் சத்தம் காதைப் பிளக்கிறது.

மச்சானுக்கு இரண்டு லாரி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"லட்ச ரூபாயா? ஒரு வண்டிக்கு டயர் மாத்தினா போச்சுங்க மாப்ள. ஆனா ஒண்ணு... உங்க லட்சம் ஒண்ணாந்தேதியானா தானா வந்துடுது. நம்ம லட்சம் லோடு கிடைச்சாத்தான் வரும். அதை விட்டுடாதீங்க."

நண்பன் பதில் பேசவில்லை. திரும்பி வரும்போது தானாகவே ஆரம்பித்தான்.

"போன வருஷம் அப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கையும் காலும் இழுத்துக்கிச்சுல்ல... பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன். 'லேட் பண்ணியிருந்தா கஷ்டம்'னார் டாக்டர். நான் சென்னையில இருந்திருந்தா?"

சென்னை 340 கிலோமீட்டர். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், காரச் சட்னி... கடித்தால் மொறுமொறு! நண்பன் நோட்டைத் திறந்து, 'மதியச் சாப்பாடு வீட்டில்', 'அப்பா பக்கத்தில்' என்று இரண்டு வரி சேர்த்தான். தொகைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

"இதுக்கு எவ்வளவுடா போடறது?"

படித்த படிப்புக்கு அன்றுதான் வேலை வந்தது. "குட்வில்னு ஒண்ணு இருக்குடா. நீயா சம்பாதிச்ச குட்வில்லை ஏட்டுல ஏத்த முடியாது. காசு கொடுத்து வாங்கினாத்தான் ஏத்தலாம்."

"அப்போ?"

"வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஆபீஸ் வரேன்னு கேளு. மாசம் ரயில் செலவு, தங்கற செலவுன்னு ஏழாயிரமோ எட்டாயிரமோ ஆகும். அதுதான் நீ கொடுக்கற விலை. ஏட்டுல ஏத்திக்கலாம்!"

அங்கேயே நின்று மெயில் அடித்தான். பதில் வந்ததா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இதை எழுதும் வரை வரவில்லை.

தட்டுவடைக்காரர் காசுக்குக் கை நீட்டினார். நண்பன் என்னைப் பார்த்தான்.

"என்னடா என்னைப் பார்க்கறே? லட்ச ரூபாய் சம்பளம் உனக்கு. எனக்குச் சன்மானம் கட்டுரை வெளிவந்தப்புறம்தான்!"